பழைய மோட்டார் வாகனங்களின் குளிர்த்தல் விசிறி: பழுதறிதலும் மாற்றீடும் பற்றிய சில குறிப்புகள்

தமிழிலே தொழினுட்ப எழுத்து வளரவேண்டும் என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் ஒன்று. கூறுவோரிற் பெரும்பாலோர் கலைச்சொற்களோடு நின்றுவிடுகின்றனர். ஆயின், கராஜ் ஒன்றின் வாசலில் நின்று "பான் வேலை செய்யுதில்லை" என்று ஒருவர் கூறும்போது அவர் கூறுவது ஒரு பொருளின் பெயரையன்று, ஒரு நிலைமையை. அந்நிலைமையிலிருந்து அதன் காரணத்தை நோக்கிச் செல்லும் வழியைத் தமிழில் எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய மாணவருக்கு இதில் என்ன அலுவல் என்று வினவப்படலாம். விடை எளியது. எமது பழைய காரின் எஞ்சின் மூன்று தடவை கொதித்தது; மூன்று தடவையும் ஒவ்வொரு பாகத்தை விலைகொடுத்து மாற்றினோம்; நான்காம் தடவையும் கொதித்தது.

இது எமக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்குத் தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டுகளில், 1980களிலும் 1990களிலும் யப்பானிற் செய்யப்பட்டு இங்கு வந்துசேர்ந்த நிசான் சன்னி, ரொயோற்றா கொறொல்லா முதலிய கார்கள் ஓய்வுபெறவேண்டிய வயதிலும் ஓடவேண்டியவையாயின. வாடகைக்கு ஓடுபவரும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்பவரும், மரக்கறி ஏற்றுபவரும் இவற்றையே நம்பியிருந்தனர். இதற்கு முன்னரும் இத்தகைய நிலையை நம்மவர் கண்டதுண்டு. 1990களிற் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அக்கார்களின் விசிறி எஞ்சினோடு வாரினாற் பிணைக்கப்பட்டது. வார் அறாதவரை விசிறி சுழலும். அதன் பழுதைக் கண்ணாற் காணலாம். நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் விசிறி மின்னாற் சுழல்வது. அதன் பழுது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது.

வாரினாற் சுழலும் விசிறியிலிருந்து மின்விசிறிக்கு ஏன் மாறினார்கள் என்பதை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது வாகனமும் பெரும்பாலும் வேகமாக ஓடுகின்றது. எதிர்க்காற்றே றேடியேற்றரைக் குளிர்த்திவிடும். விசிறி தேவையற்ற அந்நேரத்திலேதான் வாரிற் பூட்டிய விசிறி மிக வேகமாகச் சுழல்கின்றது. சுழற்சி இருமடங்காகும்போது விசிறி உறிஞ்சும் வலு எண்மடங்காகும். மறுதலையாக, வாகனம் நெரிசலில் நிற்க எஞ்சின் மெதுவாக ஓடும்போதே விசிறி மிகுதியாகத் தேவைப்படும். அப்பொழுது அது சோம்பிச் சுழலும். இம்முரண்பாட்டை மின்விசிறி தீர்த்தது. அத்துடன், எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சில்லுகளை இயக்கும் அமைப்புப் பரவியபோது, எஞ்சினின் சுழல்தண்டு றேடியேற்றரை நோக்காமற் பக்கவாட்டை நோக்கலாயிற்று. வாரினால் விசிறியைச் சுழற்றுவது அருமையாயிற்று. 1969இல் வெளிவந்த பியற் 128 இவ்வமைப்பையும் மின்விசிறியையும் ஒருங்கே கொண்டிருந்தது. பின்னர் வந்த சிறிய கார்களிற் பெரும்பாலானவை அவ்வழியையே பின்பற்றின.

எரிபொருளிலிருந்து வெளிப்படும் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குளிர்த்தும் நீருக்குச் செல்கின்றது. அதனை வெளியேற்றமுடியாதபோது நேர்வதே கொதித்தல். அக்கார்களில் எஞ்சினின் அடிப்பகுதி வார்ப்பிரும்பாலும் தலைப்பகுதி அலுமினியத்தாலும் ஆனது. ஒரே வெப்பத்துக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரியும். அளவுமீறிச் சூடாகும்போது தலைப்பகுதி கோணும்; இடையிலுள்ள காஸ்கற் எரியும்; நீர் எஞ்சினுக்குட் புகும். சில நூறு ரூபாயில் தீரக்கூடிய மின்னிணைப்புப் பழுதொன்று வாடகைக்கார் ஓட்டுபவரின் பல மாத உழைப்பை விழுங்கும் இடம் இதுவே. ஆதலின் வெப்பமானியின் முள் ஏறக் கண்டவுடன் வாகனத்தை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துதல் வேண்டும். றேடியேற்றரின் மூடியைச் சூட்டிற் றிறத்தலாகாது. மூடி நீரை அழுத்தத்தில் வைத்திருப்பதனால் அதற்குள்ளே நீர் ஏறத்தாழ 118 பாகை செல்சியஸ்வரை கொதியாமல் இருக்கும். மூடி திறந்த கணத்தில் அழுத்தம் நீங்க, முழுவதும் ஒருங்கே கொதித்து முகத்தில் அடிக்கும். அரைமணி நேரமாவது காத்திருத்தல் நன்று.

இனிப் பழுதறிதலுக்கு வருவோம். முதற் கேள்வி, "எந்தப் பாகம் பழுது?" என்பதன்று, "எப்பொழுது சூடாகின்றது?" என்பதே. நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணியுமாயின் ஐயம் விசிறியின்மேல் விழும். நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது சூடேறுமாயின் விசிறி குற்றமற்றது. அடைபட்ட றேடியேற்றர், திறவாத தேர்மோஸ்ரற், தேய்ந்த நீர்ப்பம்பி, குறைந்த நீர் என்பவற்றையே நாடவேண்டும். இவ்வொரு கேள்வி பாதி வேலையைச் செய்துவிடும். வியப்பு யாதெனில், நாம் சென்ற கராஜில் இதனை எவரும் எம்மிடம் கேட்கவில்லை.

அடுத்து, எஞ்சின் ஆறியிருக்கையில் நீரின் மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். இது அற்பமானதாகத் தோன்றினும் விசிறியோடு நேரடித் தொடர்புடையது. விசிறியை இயக்கும் வெப்பச் சுவிச்சு நீரில் அமிழ்ந்திருந்தாலன்றி வெப்பத்தைச் சரியாக உணராது. நீர் குறைந்தோ இடையிற் காற்று அடைபட்டோ சுவிச்சு நீரை விட்டு விலகியிருந்தால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கையிலும் விசிறி சும்மா இருக்கும். அந்நிலையில் விசிறியைக் கழற்றுவது வீண்வேலை.

விசிறியின் மின்சுற்று உண்மையில் இரண்டு சுற்றுகள். ஒன்று வலுச்சுற்று: பற்றரியிலிருந்து பியூஸ் ஊடாக, றிலேயின் தொடுகைகள் ஊடாக, மோட்டாருக்குச் சென்று, அங்கிருந்து வாகனத்தின் உடலாகிய ஏர்த் வழியே பற்றரிக்கு மீள்வது. சிறிய கார்களில் இதிற் பொதுவாக 6 முதல் 12 அம்பியர் வரை ஓடும். தொடங்கும் கணத்தில் இதன் பன்மடங்கு. மற்றையது கட்டளைச்சுற்று: சிறிதளவு மின்னோட்டம் வெப்பச் சுவிச்சின் வழியாகச் சென்று றிலேயின் சுருளை இயக்குவது. எந்தச் சுற்றிற் பழுது என்பதைப் பிரித்தறிவதே அடுத்த படி.

கட்டளைச்சுற்றைச் சோதிக்க வெப்பச் சுவிச்சின் சொக்கற்றைக் கழற்றுவர். இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் இச்சுவிச்சு குளிரிற் றிறந்திருந்து சூட்டில் மூடும். அவற்றிற் கழற்றிய சொக்கற்றின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் விசிறி சுழலவேண்டும். 1990களின் கொறொல்லா வகைகள் பலவற்றிலோ தர்க்கம் தலைகீழானது. சுவிச்சு குளிரில் மூடியிருக்கும். நீர் ஏறத்தாழ 93 பாகையை அடையும்போது திறக்கும். திறந்தவுடன் றிலே தன் இயல்புநிலைக்குத் திரும்ப விசிறி சுழலும். அவற்றிற் சாவி திறந்திருக்கையிற் சொக்கற்றைக் கழற்றினாலே விசிறி ஓடும், இணைத்தால் நிற்கும். இவ்வமைப்பின் நியாயம் பாராட்டத்தக்கது: சுவிச்சின் வயர் அறுந்தால் விசிறி நிற்பதற்குப் பதிலாக ஓயாது ஓடும்; எஞ்சின் பிழைக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல சுவிச்சைக் குப்பையில் எறிந்தவர்கள் உளர்.

குளிரூட்டி உள்ள கார்களில் இன்னொரு சோதனையும் எளிது. குளிரூட்டியை இயக்கும்போது றேடியேற்றர் விசிறியும் ஓடும்படி அமைந்த கார்களில், அப்பொழுது ஓடி, எஞ்சின் சூடாகும்போது மட்டும் ஓடாதிருந்தால் மோட்டார் நல்லது. பழுது வெப்பச் சுவிச்சிலோ அதன் வழியிலோ உள்ளது. வழியில் அகப்பட்டுக்கொண்டவருக்கும் இது கைகொடுக்கும். சூடேறும் காரிற் குளிரூட்டியை நிறுத்தவேண்டும் என்பதே பொதுவிதி. எனினும் இத்தகைய பழுதில் அதனைப் போடுவதனால் விசிறி ஓடி முள் இறங்குவதும் உண்டு.

மோட்டாரையே சோதிப்பதற்கு அதன் சொக்கற்றைக் கழற்றி, இடையே பியூஸ் பொருத்திய தடித்த வயர்களாற் பற்றரியிலிருந்து நேரே மின் கொடுக்கவேண்டும். அப்பொழுதும் சுழலாவிடின் மோட்டார் பழுது என்பதில் ஐயமில்லை. அதற்குமுன், பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டு விசிறியைக் கையாற் சுழற்றிப் பார்த்தல் நன்று. கரகரத்தாலோ, அலகு ஆடினாலோ, பிடித்து நின்றாலோ அதன் தாங்கிகள் தேய்ந்துள்ளன. முனையைக் கழற்றாமற் கைவைத்தலாகாது. சில கார்களில் எஞ்சினை நிறுத்திய பின்னரும் விசிறி தானாக ஓடத் தொடங்கும்.

இனி, சுழல்கின்ற விசிறியும் பழுதாக இருக்கலாம் என்பதற்கு வருவோம். எமது கார் தந்த பாடம் இதுவே. நாம் சென்ற கராஜில் விசிறியைப் பார்த்தார்கள், அது சுழன்றது, ஆகவே அதனை விட்டுவிட்டார்கள். ஐயம் தீராத இளைஞர் ஒருவர் மோட்டாரின் சொக்கற்றைக் கழற்றி மீற்றரை வைத்துப் பார்த்தார். 13 வோல்ற்றுக்கு மேல் காட்டியது. "கரண்ட் சரியா வருது சேர்" என்றார். பின் தேர்மோஸ்ரற் மாற்றப்பட்டது, அடுத்து நீர்ப்பம்பி, அதற்கடுத்து றேடியேற்றர்.

அவ்விளைஞர் பொய் கூறவில்லை. மீற்றரும் பொய் கூறவில்லை. ஆயின் கேட்கப்பட்ட கேள்வி பிழையானது. மின்னோட்டம் இல்லாத வயரில் மின்னழுத்தம் வீழ்வதில்லை. மீற்றர் தன் வழியே ஓடவிடும் மின்னோட்டம் மிக நுண்ணியது. ஒரேயொரு செப்பிழையாற் றொங்கிக்கொண்டிருக்கும் வயர்கூட அதற்குப் போதும். மோட்டார் சில அம்பியரை இழுக்கும்போதுதான் வழியின் உண்மையான நிலை வெளிப்படும். ஆதலின் சொக்கற்றைக் கழற்றாமல், விசிறி ஓடிக்கொண்டிருக்கையில் அளத்தல் வேண்டும்.

இறுதியில் எமது காரைப் பார்த்தவர், கராஜ்காரர் "வயரிங் பாஸ்" என அழைக்கும் முதியவர் ஒருவர். அவர் முதலில் மீற்றரைத் தொடவில்லை. எஞ்சினைச் சூடாகவிட்டு, விசிறி சுழலும் ஒலியைச் சற்றுநேரம் கேட்டார். பின் மோட்டாரின் ஏர்த் வயர் முன்விளக்கின் அருகே உடலோடு பூட்டப்பட்டிருந்த ஆணியில் விரலை வைத்து உடனே எடுத்தார். அது சுட்டது. அதன் பின்னரே மீற்றர் வந்தது. பற்றரியில் 13.4 வோல்ற்று, மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே 9.1, பற்றரியின் மறை முனைக்கும் மோட்டாரின் ஏர்த் முனைக்கும் இடையே 3.9. நல்ல ஏர்த் இணைப்பில் இக்கடைசி அளவு அரை வோல்ற்றைத் தாண்டலாகாது. முன்னொருநாள் காரின் மூக்கில் தகரவேலை செய்து பெயின்ற் அடித்தவர்கள், ஆணியின் அடியையும் சேர்த்து அடித்திருந்தார்கள். அதன்மேற் றுரு ஏறியிருந்தது.

கணக்கை நோக்குவோம். ஏறத்தாழ 6 அம்பியர் ஓடும் வழியில் 3.9 வோல்ற்று வீழுமாயின், அவ்விணைப்பின் தடை 0.65 ஓம், அங்கு வெப்பமாக வீணாகும் வலு 23 வாற்றுக்கு மேல். சிறிய பற்றாசுக்கோல் ஒன்றின் வலு அது. ஆணி சுட்டதில் வியப்பில்லை. மோட்டாருக்கோ மூன்றிலிரண்டு பங்கு அழுத்தமே கிடைத்தது, விசிறி சுழன்றது, ஆயின் போதிய காற்றை இழுக்கவில்லை. சொக்கற்றின் பிளாஸ்ரிக் பழுப்பேறியோ உருகியோ இருப்பதும் இதே காரணத்தினாலேயே. அவ்விடங்களில் மூக்கை வைத்துப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். அம்முதியவர் ஆணியைக் கழற்றி, உலோகம் பளபளக்கத் தேய்த்து, புதிய வளையம் ஒன்றை வயர்முனையில் அழுத்திப் பூட்டி, மேலே கிறீஸ் தடவினார். வேலை பத்து நிமிடம். கண்டறிதல் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வளையத்துக்கும் பூட்டியதற்குமே அவர் காசு கேட்டார்.

இவ்விடத்திற் சற்றுத் தரித்தல் தகும். எம்மிடம் மூன்று பாகங்களை விற்ற கராஜை நாம் ஏமாற்றுக்காரர் என்று கூறமாட்டோம். வாகனக்காரர் பாகத்துக்குப் பணம் தருவர். பூட்டும் கூலியையும் முணுமுணுத்துக்கொண்டு தருவர். பழுதைத் தேடிச் செலவான ஒரு மணி நேரத்துக்குப் பணம் கேட்டால், "ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குக் காசு?" என்பர். கண்ணாற் காணும் பண்டத்துக்கு விலை உண்டு. சிந்தனையாகிய உழைப்புக்கு விலையில்லை. ஆகவே அவ்வுழைப்பின் ஊதியத்தைப் பாகத்தின் இலாபத்துக்குள் மறைத்துப் பெறவேண்டிய நிலை மெக்கானிக்குக்கு ஏற்படுகின்றது. நாளடைவில் தேடுதல் குறைந்து மாற்றுதலே தொழிலாகிவிடுகின்றது. உதிரிப்பாகங்கள் அரிதாகி விலையேறிய ஆண்டுகளில் இவ்வழக்கத்தின் செலவு முழுவதும் பழைய வாகனம் வைத்திருப்பவர் தலையிலேயே விழுந்தது.

பியூஸ் எரிந்திருந்தால் மாற்றலாம். ஆயின் மீண்டும் எரிந்தால் அது ஒரு செய்தி. பிடித்து நிற்கும் மோட்டார் சுழலும் மோட்டாரைவிடப் பன்மடங்கு மின்னை இழுக்கும். பெரிய பியூஸைப் போடுவதும், செப்பிழையைச் சுற்றிவிடுவதும் பழுதை வயருக்கு இடம்மாற்றுவதாகும். வயர் எரியும்போது கார் எரியும். றிலே "டிக்" என்று ஒலித்தாலும் அதன் தொடுகைகள் கருகியிருக்கலாம். அதே பெட்டியில் அதே இலக்கமுள்ள வேறொரு றிலே இருந்தால் மாற்றிப் பூட்டிப் பார்த்தல் போதும். முன்கூறிய கொறொல்லாவின் விசிறி றிலே ஏனையவற்றுக்கு எதிரான வகையினது என்பதால் அதற்கு இம்முறை உதவாது.

வெப்பச் சுவிச்சை நீக்கிவிட்டு விசிறியை "டிறெக்ற்" கொடுத்துவிடும் வழக்கம் எங்கும் உண்டு. வழியில் அகப்பட்டவருக்கு அது உயிர்காக்கும் உபாயம். அதனை இகழ்தல் தகாது. நிரந்தர ஏற்பாடாக அது ஏற்றதன்று. காலையில் எஞ்சின் சூடேறத் தாமதமாகி எரிபொருள் கூடுதலாகச் செல்லும்; ஓயாது ஓடும் மோட்டாரின் காபன் பிறஷ்கள் விரைவில் தேயும். சாரதியின் கைக்கெட்டும் இடத்திற் சுவிச்சு வைப்போர், றிலே இன்றி முழு மின்னோட்டத்தையும் அச்சிறு சுவிச்சினூடாகவே ஓடவிடுவர்; அது உருகும். உருகாவிடினும், மழை நாளொன்றில் அதனைப் போட மறந்துவிடுவர்.

மோட்டாரே பழுது என்று உறுதியான பின்னரே மாற்றீடு பற்றிய பேச்சு எழவேண்டும். காபன் பிறஷ் மட்டும் தேய்ந்திருந்தால், திறக்கக்கூடிய பழைய மோட்டார்களிற் புதியவற்றைப் பற்றாசு வைத்துப் பொருத்தலாம். மோட்டார் சுற்றுபவர்களிடம் இக்கைத்திறன் இன்னும் இருக்கின்றது. அன்றேல் பஞ்சிகாவத்தை போன்ற இடங்களிற் பாவித்த விசிறி கிடைக்கும். வாங்கும்போது கடையிலேயே பற்றரியிற் கொடுத்து ஓடவிட்டு, அது இழுக்கும் அம்பியரையும் அளக்கச் சொல்லவேண்டும். பெரிய காரின் விசிறி காற்றைக் கூடுதலாகத் தரும் என்று ஆசைப்பட்டு 20 அம்பியர் இழுக்கும் ஒன்றை 10 அம்பியர் வயரிற் பூட்டுவோர் உளர். முன்கூறிய உருகிய சொக்கற் கதை மீண்டும் தொடங்கும்.

பூட்டும் முறை கடினமானதன்று. எஞ்சின் நன்கு ஆறிய பின், பற்றரியின் மறை முனையையும் மோட்டாரின் சொக்கற்றையும் கழற்றவேண்டும். விசிறி, அதனைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் உறையோடு சேர்த்து, பெரும்பாலும் நான்கு ஆணிகளால் றேடியேற்றரிற் பூட்டப்பட்டிருக்கும். றேடியேற்றரின் மெல்லிய தகடுகள் நசுங்காதவாறு இடையே ஓர் அட்டையைச் செருகிவிட்டு உறையோடு மேலே தூக்கவேண்டும். சில கார்களில் மேற்குழாயைக் கழற்றினாலன்றி வழி கிடைக்காது. அலகைப் பிடித்திருக்கும் நட்டு சிலவற்றில் இடப்புரியானது. வலிந்து திருகினால் முறியும். உறையை வீண்பாரம் என்று எறிந்துவிடலாகாது. அது இல்லாவிடின் அலகுக்கு நேரே உள்ள பரப்பினூடாக மட்டுமே காற்று இழுக்கப்படும். றேடியேற்றரின் மூலைகள் சூடாகவே இருக்கும்.

வயரின் இரு முனைகளும் மாறிப்போனால் மோட்டார் எதிர்த்திசையிற் சுழலும். காற்றும் எதிர்ப்புறம் வீசும். எஞ்சின் பக்கத்தில் அமைந்த விசிறி முன்னிருந்து காற்றை இழுக்கவேண்டியது; மாறிச் சுழன்றால் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும்; கார் ஓடும்போதும் சூடாகும். சோதனைக்கு ஒரு தாள் போதும். விசிறி ஓடுகையில் றேடியேற்றரின் முன்பக்கத்திற் றாளைப் பிடித்தால் அது றேடியேற்றரோடு ஒட்டிக்கொள்ளவேண்டும். தள்ளப்பட்டால் வயரை மாற்றுக.

எல்லாவற்றையும் பூட்டி, நீரை நிரப்பி, காற்றை வெளியேற்றிய பின் காரை நிழலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு அருகிலிருந்து பார்த்தல் வேண்டும். விசிறி ஒருமுறை ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்தது என்று போய்விடலாகாது. அது ஓடி, நீரைக் குளிர்த்தி, தானாக நின்று, மீண்டும் ஒருமுறை தானாகத் தொடங்கவேண்டும். அவ்விரண்டாம் ஓட்டத்தின்போது சொக்கற்றிலும் ஏர்த் ஆணியிலும் விரலை வைத்துப் பார்க்க.